புரூட்டஸின் முகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோமாபுரியின் வெள்ளிக் காசுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தைக் காசில் போட்டு சீசர் பழைய வழக்கத்தை உடைத்தார் என்கிறீர்கள். குடியரசைக் காப்பதாகச் சொல்லி அவரைக் கொன்ற புரூட்டஸும் இரண்டே வருடத்தில் அதையேதானே செய்தார்? அப்புறம் என்ன கொள்கை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. எனக்கும் இது வெகுநாள் நெருடிக்கொண்டே இருந்தது.

புரூட்டஸ் இளைஞராக, காசு அடிக்கும் பொறுப்பில் இருந்த கி.மு. 54 வாக்கில் வெளியிட்ட டெனாரியஸை, அதாவது ரோமாபுரியின் வெள்ளிக் காசைப் பாருங்கள். தலைப்பக்கம் சுதந்திர தேவி. மறுபக்கம், மன்னராட்சியை ஒழித்தவராகச் சொல்லப்படும் அவருடைய முன்னோர், பழைய புரூட்டஸ், காவலர்களுக்கு நடுவே நடந்துபோகிறார். தன் முகம் எங்கும் இல்லை.

சீசர் கொலைக்குப் பிறகு கிழக்கே போய்ப் படை திரட்டியபோது, கி.மு. 43-42இல் அடித்ததுதான் நீங்கள் சொல்லும் காசு. நம்முடைய பழைய எவர்சில்வர் 25 பைசா அகலம்தான் இருக்கும். முன்னால் லேசான தாடியோடு புரூட்டஸ். பின்னால் இரண்டு குத்துவாள், நடுவே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு குல்லா, அடிமையை விடுவிக்கும்போது தலையில் போடுகிற குல்லா அது. கீழே 'ஈட் மார்', அதாவது மார்ச் 15, சீசர் கொல்லப்பட்ட நாள். வாள்களின் கைப்பிடியை உற்றுப் பாருங்கள், இரண்டும் ஒன்றுபோல் இல்லை. செய்த கொலையை மறைக்காமல் தேதி போட்டு, ஆயுதத்தையும் காட்டி, இது விடுதலை என்று சொன்ன காசு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, முகம் ஏன்? இது படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த காசு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் தனக்குக் கூலி தருவது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்; எதிர்த்தரப்பில் சீசரின் ஆட்களான ஆண்டனியும் ஆக்டேவியனும் ஏற்கெனவே தங்கள் முகங்களைப் போட ஆரம்பித்திருந்தார்கள். காரணம் புரிகிறது, ஆனாலும் அது சறுக்கல்தான் என்றே நினைக்கிறேன். ஒரு தனிமனிதரின் முகத்தை நம்பித்தான் படை நிற்கும் என்று ஒப்புக்கொண்ட இடத்திலேயே குடியரசு பாதி போய்விட்டது. மீதி, கி.மு. 42 அக்டோபரில் பிலிப்பிப் போரில் புரூட்டஸ் அவர்களிடம் தோற்றபோது போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, நீரோ வீழ்ந்த கி.பி. 68 உள்நாட்டுப் போரில் அதே இரண்டு வாளும் குல்லாவும் மறுபடி வெள்ளிக் காசில் வந்தன. அதன் தலைப்பக்கத்தில் புரூட்டஸ் இல்லை. சுதந்திர தேவி இருந்தாள்.