வாயே இல்லாத வெள்ளையணு கிருமியை எப்படி விழுங்குகிறது?

வாய்க்குப் பதில் அதன் சவ்வே போதும். கிருமிமேல் எதிர்ப்பொருள் (கிருமியை அடையாளம் காட்ட உடல் உண்டாக்கும் புரதம்) ஒட்டியிருந்தால், மேக்ரோஃபேஜ் என்ற வகை வெள்ளையணுவின் மேலுள்ள ஏற்பிகள் என்ற புரதங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் உள்ளேயிருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் வளர்ந்து, சவ்வைக் கை நீட்டுவதுபோல முன்னே தள்ளும். இரண்டு பக்கமும் சுற்றி வளைத்து நுனிகள் ஒட்டிக்கொண்டதும் கிருமி ஒரு பைக்குள் சிக்கிவிடும்.

சரி, சிக்கினால் செத்துவிடுமா? உடனே இல்லை. பைக்குள் அமிலத்தன்மை ஏறும். லைசோசோம்கள் என்ற குட்டிப் பைகள் வந்து இணைந்து செரிக்கும் நொதிகளைக் கொட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகளும் சேரும். காசநோய்க் கிருமியோ கில்லாடி. லைசோசோம் இணைவதையே தடுத்து, உள்ளேயே குடித்தனம் நடத்தும். நியூட்ரோஃபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களும் இதே வேலையைச் செய்பவைதான், ஆனால் அற்பாயுசு. புண்ணில் வரும் சீழில் பெரும்பகுதி அவற்றின் பிணங்கள்தான்.

நம் சொந்தச் செல்களும் தப்புவதில்லை. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலில் மேக்ரோஃபேஜ்கள் தின்று, இரும்பைப் பத்திரமாக மீட்டுத் தருகின்றன. நல்ல செல்களின் மேல் சிடி47 என்ற புரதம் இருக்கும். ‘என்னைத் தின்னாதே’ என்பதற்கான அடையாளம் அது. சில புற்றுநோய்ச் செல்கள் அதையே அளவுக்கு மீறிப் போர்த்திக்கொண்டு தப்பித்துவிடுகின்றன.