ஒளியிழை உணரி நாடித்துடிப்பை எவ்வாறு அளக்கிறது?

கண்ணாடி இழைக்குள் செல்லும் ஒளியால் மணிக்கட்டின் நாடியை எப்படி அறிய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் இணைப்பது தோலின் மிகச் சிறிய அசைவுதான். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை தமனி வழியே பரவி, கட்டைவிரல் பக்கமுள்ள தமனியைக் கணநேரம் விரியச் செய்கிறது. அதன் மேல் ஒட்டப்பட்ட இழையும் உடன் சற்றே நீள்கிறது.

அந்த நீட்சியை அளக்கப் பெரிதும் பயன்படுவது பிராக் கீற்றணி. இழையின் உள்ளகத்தில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒளிவிலகல் எண் சீரான இடைவெளியில் மாறிமாறி வருமாறு புற ஊதா ஒளியால் பதித்துவிட்டால், அப்பகுதி ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அந்த அலைநீளமும் கூடும். 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில், தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இழை நீண்டாலே திரும்பும் அலைநீளம் சுமார் 1.2 பைக்கோமீட்டர் (ஒரு பைக்கோமீட்டர் என்பது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும். இந்நகர்வை நேரத்துக்கேற்ப வரைந்தால், விரைந்து ஏறி, இறங்கும் வழியில் சிறு பள்ளம் காட்டும் நாடி அலை கிடைக்கும். அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே 0.8 விநாடி என்றால் துடிப்பு நிமிடத்துக்கு 75.

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் மாறினாலும் சுமார் 10 பைக்கோமீட்டர் நகர்வு ஏற்படும் என்றாலும், அது மெதுவாக நிகழ்வதால் வடிகட்டிவிடலாம். கையசைவு அப்படியன்று, அதன் அதிர்வெண் நாடியுடையதோடு கலந்துவிடுவதால், என் பார்வையில் உண்மையான சிக்கல் அதுவே.

துடிப்பை எண்ண மட்டும் என்றால் கைக்கடிகாரத்தின் பச்சை ஒளி உணரியே போதும். ஆனால் வலுவான காந்தப்புலமுள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்குள், மின்சாரமோ உலோகமோ தேவைப்படாத இழைக்குத்தான் முதலிடம்.