யார் என்ன செய்தார்? குழு ஆய்வில் பெயர் போடுவது பற்றிச் சில கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை ஐஜெம் போட்டியை ஒட்டியவை. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு சிறு வகுப்பாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஐந்து குழுக்களோடு போட்டியாக மாறி, இன்று உலகமெங்குமிருந்து குழுக்கள் பாரிஸில் வந்து கூடுகிற அளவுக்கு வளர்ந்த செயற்கை உயிரியல் போட்டி அது. ஒவ்வொரு குழுவும் தான் செய்ததை எல்லாரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். கூடவே, யார் எதைச் செய்தார்கள் என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும். அது இல்லாமல் வெண்கலப் பதக்கம்கூடக் கிடைக்காது. பிசிஆர் (மரபணுவைப் பல நகல்களாகப் பெருக்கும் சோதனை) வரவில்லை என்று கேட்டவர்களைவிட இந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம்.

தண்ணீரில் ஈயம் இருந்தால் நிறம் மாறும் ஈ.கோலை பாக்டீரியாவை உருவாக்குகிறோம். மரபணுவை பாக்டீரியாவுக்குள் கொண்டுபோகும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தின் வடிவமைப்பு முழுவதையும் எங்கள் ரிசர்ச் ஸ்காலர் அக்காதான் போட்டுக் கொடுத்தார். அதை எழுதினால் நடுவர்கள் எங்களைக் குறைத்து நினைப்பார்களோ என்று பயம். அக்காவும் "என் பேரை விட்டுருங்கப்பா" என்கிறார்.
மூன்றாமாண்டு மாணவி, காரைக்குடி

விடாதீர்கள். இந்தப் படிவத்தை நன்றி சொல்லும் இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மாணவர்கள் செய்தது எது, மற்றவர்கள் செய்து கொடுத்தது எது என்று கோடு போட்டுக் காட்டுகிற இடம் அது. அந்தக் கோடு தெளிவாக இருந்தால்தான் உங்கள் பக்கம் இருக்கிற வேலையை நடுவர் நம்புவார்.

நேர்முகத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இந்தப் புரமோட்டரை (மரபணுவை இயக்கிவைக்கும் பகுதியை) ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். வடிவமைப்பும் எங்களுடையது என்று எழுதிவிட்டு அங்கே தடுமாறினால், ராத்திரி பகலாக நீங்களே செய்த குளோனிங்கிலும், அதாவது மரபணுவைப் பிளாஸ்மிட்டில் சேர்க்கும் வேலையிலும், அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். "வடிவமைப்பு எங்கள் ஆலோசகருடையது. பாக்டீரியா காலனி வராமல் போனதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது நாங்கள்" என்று சொல்லும் குழுவை யாரும் குறைத்து நினைப்பதில்லை. வழிகாட்டி இல்லாமல் இளநிலை மாணவர்கள் மரபணுவைக் கையாளுவார்கள் என்று எந்த நடுவரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

"எல்லா வகையிலும் உதவிய அக்காவுக்கு நன்றி" என்ற வரி யாருக்கும் பயன்படாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஈயத்தை உணரும் புரதத்தின் மரபணுவைத் தேர்ந்தெடுத்து, பிளாஸ்மிட்டின் முதல் வரைபடத்தையும் பிசிஆருக்கான பிரைமர் வரிசைகளையும் தந்தவர் எங்கள் ஆலோசகர். குளோனிங், காலனி பிசிஆர், வெவ்வேறு ஈய அளவுகளில் நிறத்தை அளந்தது, அளவீடுகளை வரைபடமாக்கியது மாணவர்கள்." அடுத்து ஒவ்வொரு வேலைக்கும் நேரே மாணவரின் பெயர்.

அப்புறம் இன்னொன்று. முன்பு வந்த குழுக்களின் மரபணுப் பகுதிகளை ஐஜெம் தொகுப்பிலிருந்து எடுத்திருந்தால் அவர்களையும் சொல்ல வேண்டும். 2006-லேயே எடின்பரோ குழு தண்ணீரில் ஆர்செனிக்கைக் கண்டறியும் பாக்டீரியாவைச் செய்து காட்டியிருக்கிறது. உங்கள் யோசனை அந்த வழியில் வந்ததுதான். அதைச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை.

எங்கள் துறைத்தலைவர் லேபுக்கு வந்ததே இல்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டார். இப்போது திட்டத்தைக் கட்டுரையாக்கும்போது முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்.
முதுநிலை மாணவர், தேவகோட்டை

தம்பி, போட்டிப் படிவத்தையும் ஆய்வுக் கட்டுரையையும் தனித்தனியாகப் பாருங்கள். படிவத்தில் அவருக்கு நியாயமான இடம் உண்டு. கல்லூரியின் சார்பில் பொறுப்பேற்றது, லேப் அனுமதி வாங்கிக் கொடுத்தது, பாதுகாப்புப் படிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தது எல்லாம் வேலைதான். அவை இல்லாமல் உங்கள் திட்டம் நகர்ந்திருக்காது. அதை அப்படியே எழுதுங்கள்.

கட்டுரை வேறு. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதியைத்தான் உயிரியல் இதழ்கள் பலவும் ஒட்டி நடக்கின்றன. அதில் நான்கு நிபந்தனைகள்: யோசனையிலோ செய்முறையிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வெளியான பிறகு கேள்வி வந்தால் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஒருவர் கட்டுரையின் ஆசிரியர். பொதுவான மேற்பார்வை மட்டும் போதாது என்று அந்த விதியே சொல்கிறது.

அவரிடம் போய் வாதாடாதீர்கள். நம் ஊரில் ஒரு மாணவர் ஹெச்ஓடியிடம் "நீங்கள் எதுவும் செய்யவில்லை" என்று சொல்லி வென்றதாக நான் கேட்டதில்லை. கட்டுரையில் யாருக்கு எந்தப் பங்கு என்று பிரித்துக் காட்ட கிரெடிட் (CRediT) என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. கருத்துருவாக்கம், செய்முறை, தரவு, மென்பொருள், எழுத்து, மேற்பார்வை என 14 பங்குகள் கொண்டது. நிறைய இதழ்கள் இப்போது கட்டுரையோடு அதைக் கேட்கின்றன. அந்த 14 கட்டமும் போட்ட தாளை எடுத்துக்கொண்டு, எல்லார் பெயரையும் எழுதி, அவர் வரிசையைக் காலியாக விட்டு, "சார், உங்களுக்கு எது எதில் டிக் போடட்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் கைடும் கூட இருக்கட்டும். கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு முதல் பெயர் கேட்பது யாருக்கும் எளிதாக இருக்காது. அப்படியும் பிடிவாதம் பிடித்தால் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு வரை கொண்டுபோக வேண்டியது உங்கள் கைடின் கடமை. அதை ஒரு மாணவர் தலையில் சுமத்தக் கூடாது.

நான்கு மாதம் குளோனிங் செய்த ஒரு பையன் வேலை கிடைத்துப் போய்விட்டான். கடைசி வரை இருந்தவர்கள் பெயரை மட்டும் போட்டால் போதுமா?

போதாது. அவன் செய்த வேலை அங்கேயேதான் இருக்கிறது, உங்கள் அளவீடுகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ன செய்தான் என்று எழுதுங்கள். கட்டுரை போடுகிறீர்கள் என்றால் அவனுக்கும் வரைவை அனுப்புங்கள்.

இந்தச் சிக்கலுக்கு மூலகாரணம், பட்டியலைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதுவது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் மறுநாள் ஞாபகப்படுத்தி எழுதுவதில்லை, பணம் கைக்கு வரும்போதே பெயரும் ஊரும் எழுதிவிடுகிறார். லேபிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அன்றன்று லேப் நோட்டில் தேதி, செய்தவர் பெயர், உடன் இருந்தவர் பெயர். வாரத்துக்கு ஒருமுறை அதைப் பொதுவான ஒரு தாளுக்கு மாற்றிவிட்டால் கடைசியில் சண்டையே வராது.

எழுதி வைத்தது எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவு பற்றி 1928 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அந்தப் பிப்ரவரி நாட்களில் யார் என்ன பார்த்தார்கள் என்பதை இன்றும் வரலாற்றாய்வாளர்கள் பேச முடிகிறதென்றால், கிருஷ்ணன் அப்போது எழுதி வைத்த நாட்குறிப்பு அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

ஆத்தங்குடி டைல்ஸில் பாக்டீரியா தரும் ஊதா நிறமியைப் போட முடியுமா என்று தொடங்கினோம். பட்டறையில் ஒரு பெரியவர் பேசிய பிறகு திட்டத்தையே மாற்றிவிட்டோம். அவரை எப்படிக் குறிப்பிடுவது?
கல்லூரிக் குழு, கானாடுகாத்தான்

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் எழுதியிருந்த விவரத்தை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டே அந்தப் பெரியவர், "செடிச் சாயமெல்லாம் சிமெண்டில நிக்காது தம்பி, வெளுத்துப்போகும். ஆக்சைடுதான் நிக்கும்" என்றிருக்கிறார். அவர் சொன்னதற்கு வேதியியல் காரணம் உண்டு. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேலே போகும். இரும்பு ஆக்சைடு அதைத் தாங்கும். ஊதா நிறம் தரும் வயலசீன் போன்ற உயிரி நிறமிக்கு அது கடுமையான சூழல். நீங்கள் டைல்ஸை விட்டுக் கண்டாங்கிச் சேலையின் பருத்தி நூலுக்கு மாறியது அந்த ஒரு பேச்சால்தான்.

ஆகவே "உள்ளூர்க் கைவினைஞர்களைச் சந்தித்தோம்" என்று பொதுவாக எழுதிக் கடந்துபோகாதீர்கள். சமூகத்தோடு பேசி அதனால் திட்டம் எப்படி மாறியது என்பதை ஐஜெம் தனியாகவே மதிப்பிடுகிறது. பெரியவரின் பெயர், என்ன சொன்னார், அதற்குப் பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். முதலில் இருந்த திட்டம் என்ன என்பதையும் மறைக்காமல் சொன்னால்தான் அவர் பேச்சின் எடை படிப்பவருக்குப் புரியும்.

எழுதுவதற்கு முன் மறுபடியும் பட்டறைக்குப் போங்கள். அவரைப் பற்றிய பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தன் பெயரா, பட்டறையின் பெயரா, இரண்டுமா, படம் போடலாமா என்பதை அவரே சொல்லட்டும். முக்கியமான ஒன்றை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள்: குழுவின் பக்கத்தில் போடுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிறது. உலகில் யாரும் எடுத்து, பெயரைச் சொல்லிவிட்டு, வியாபாரத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம், பிறகு திரும்ப வாங்க முடியாது. வண்ணக் கலவையின் அளவு, மணல் சேர்க்கும் பக்குவம் எல்லாம் அவர் குடும்பத்தின் பிழைப்பு. பேச்சுவாக்கில் அவர் சொல்லியிருந்தாலும், இது வெளியே போகும் என்று விளக்கிக் கேட்டு, சரி என்றால் மட்டும் போடுங்கள். வேண்டாம் என்றால் அந்த எண்களை எடுத்துவிடுங்கள். உங்கள் திட்டத்துக்கு அவை தேவையும் இல்லை.

லேப் அசிஸ்டன்ட் அண்ணன் பாக்டீரியா வளர்க்கும் மீடியா போட்டு, ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, பிளேட் ஊற்றித் தந்தார். சம்பளத்துக்குச் செய்யும் வேலைதானே என்கிறார்கள் நண்பர்கள்.

புரபசரும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார். பெயரைப் போடுங்கள், செய்த வேலையையும் சொல்லுங்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் கதையை உங்கள் நண்பர்கள் படிக்க வேண்டும். காசநோய்க்கு வந்த அந்த மருந்தை 1943-ல் அமெரிக்கப் பேராசிரியர் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். 1944 கட்டுரையில் ஷாட்ஸ், அதே ஆய்வகத்தின் எலிசபெத் பியூகி, வாக்ஸ்மன் என மூன்று பெயர்கள். காப்புரிமையில் பியூகி இல்லை. 1950-ல் ஷாட்ஸ் நீதிமன்றம் போனார், இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும். ஆசிரியர், மாணவர் என்ற உறவு அங்கே பிறகு ஒட்டவே இல்லை.

காரைக்குடி வியாபாரி ஒருவர் பதிவுக் கட்டணத்துக்குப் பணம் தந்தார். அவர் மகன் பெயரைக் குழுவில் சேர்க்கச் சொல்கிறார்.

மகன் வந்து வேலை செய்தால் சேருங்கள், இல்லையென்றால் வேண்டாம். பணம் தந்தவரைப் புரவலர் என்ற தலைப்பில் பெரிதாகப் போடுங்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்துதான் உங்கள் ஊருக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்தது. கொடையாளர் என்ற இடத்தில்தான் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. அந்த வியாபாரியிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

சாட்ஜிபிடியை வைத்துக் கணினி நிரல் எழுதினோம். அதன் பெயரையும் போட வேண்டுமா?

கட்டுரை ஆசிரியராகப் போடக் கூடாது, அதனால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது. எந்த வேலைக்குப் பயன்படுத்தினீர்கள், விடையைச் சரிபார்த்தவர் யார் என்று எழுதுங்கள்.

நான் கைடு. வார இறுதிகளையெல்லாம் கொடுத்து மாணவர்களுக்குக் கற்றுத்தந்தேன். கட்டுரை வரைவில் என் பெயர் நன்றிக் குறிப்பில் மட்டும் இருக்கிறது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
உதவிப் பேராசிரியர், காரைக்குடி

கூச்சப்பட ஒன்றும் இல்லை, கேளுங்கள். பிப்பெட் பிடிக்கக் கற்றுத்தந்தது மட்டும் என்றால் நன்றிக் குறிப்பு சரியான இடம்தான். கேள்வியை வடிவமைத்தது, கட்டுப்பாட்டுச் சோதனைகளைச் சேர்க்கச் சொன்னது, தரவை எப்படிப் படிப்பது என்று முடிவெடுத்தது உங்களுடையது என்றால் நீங்கள் கட்டுரையின் ஆசிரியர்தான். வரைவைத் திருத்தவும் ஒப்புதல் தரவும் உங்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். உயிரியலில் வழிகாட்டியின் பெயர் வழக்கமாகக் கடைசியில் வரும், அதற்குத் தனி மதிப்பு உண்டு. மாணவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கடைசி என்றால் தாழ்வு என்று நினைத்து, உங்களை அங்கே போடத் தயங்கி, நன்றிக் குறிப்புக்குக் கொண்டுபோயிருக்கவும் கூடும். கூப்பிட்டு உட்காரவைத்து, மேலே சொன்ன கிரெடிட் தாளின் 14 கட்டத்தையும் சேர்ந்தே நிரப்புங்கள். முதல் பெயரை அதிகம் உழைத்த மாணவருக்கு விடுங்கள். இருவர் சமமாக உழைத்திருந்தால், இருவருக்கும் சம பங்கு என்று அடிக்குறிப்புப் போட இதழ்கள் அனுமதிக்கின்றன. வரைவை அனுப்புவதற்கு முன் எல்லாருடைய சம்மதத்தையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றிக் குறிப்பில் வருகிறவர்களிடமும் கேளுங்கள், அதற்கும் எழுத்துபூர்வமான அனுமதி வாங்குவதே முறை.