நடுப்பகலிலும் டியூப்லைட் எரியும் ஹால்

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் தரைத்தள ஃபிளாட் ஒன்றில் இருக்கிறோம், சொந்த வீடுதான். ஹால் 16 அடி நீளம், 10 அடி அகலம். அகலப் பக்கத்துச் சுவரில் 4-க்கு 4 அடியில் ஒரே ஜன்னல். அதற்கு நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவர், மழையில் கறுத்துப் பாசி படிந்திருக்கிறது. காலை பத்து மணிக்கும் டியூப்லைட் போடவேண்டியிருக்கிறது. மாமியார் பேப்பர் படிக்க சமையலறை வாசலில் போய் நிற்கிறார். ஃபால்ஸ் சீலிங் போட்டு வரிசையாக லைட் பதிக்கலாம் என்கிறார் கணவர். பெரிய கண்ணாடி வாங்கி மாட்டு என்கிறாள் தங்கை. கேட்கத் தயக்கமாக இருக்கிறது, மாமியாரின் தேக்கு ஷோகேஸை விற்றுவிடலாமா? கையில் இருப்பது 15,000 ரூபாய். முதலில் எதைச் செய்யட்டும்? ஹாலைப் படம் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் அனுப்பிய படம் ரொம்ப உதவியாக இருந்தது. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, என்ன நிறம் என்றெல்லாம் குறித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தபிறகு சொல்கிறேன், லைட்டுக்கு இப்போது ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். உங்கள் ஜன்னலுக்கு வருகிற வெளிச்சமே குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் ஹாலில் இருக்கும் சாமான்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

வெளிச்சம் குறைவு என்பது உங்கள் மனப்பிரமை இல்லை. நம் கடலோர ஊர்களைப் போல வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடங்களில், அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உங்கள் ஹால் 160 சதுர அடி. அப்படியானால் சுமார் 27 சதுர அடி ஜன்னல் வேண்டும். இருப்பது 16. அதற்கும் எதிரே சுவர்.

இன்று பகலில் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்க்ரீனை முழுக்க ஒதுக்கிவிட்டு, ஹாலில் ஒவ்வொரு இடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வானம் தெரிகிறதா என்று பாருங்கள். துண்டு வானமாவது தெரிகிற இடத்தில் நேரடி வெளிச்சம் விழுகிறது. தெரியாத இடத்துக்கு வருவதெல்லாம் சுவரிலும் சீலிங்கிலும் தரையிலும் பட்டுத் தெறித்து வருவது மட்டுமே. உங்கள் ஹாலில் வானம் தெரிவது ஜன்னலை ஒட்டி மூன்று, நாலு அடிக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இடம் உங்கள் மாமியாருடையது. வயதான கண்ணுக்கு இளம்வயதுக்காரர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், பேப்பர்மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி அவர் நாற்காலியைப் போடுங்கள். அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு படிப்பது நாளையோடு முடியட்டும்.

அந்த இடத்தில் இப்போது பிரவுன் சோபா இருக்கிறது. அதை எடுத்து நீளச் சுவரோரம் போடுங்கள். ஜன்னலை மறைக்காவிட்டாலும், உள்ளே விழும் முதல் வெளிச்சம் அதன்மேல்தான் விழுகிறது. அந்த இடம் காலியானால் தரை டைல்ஸ்மேல் விழுந்து மேலே தெறிக்கும்.

அடுத்தது ஜன்னல். பழைய ஓட்டு வீடுகளில் கூரைக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள், அதிலேயே கூடம் முழுக்க வெளிச்சம் வரும். உயரத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு அவ்வளவு வீச்சு. ஜன்னலிலும் அப்படித்தான், மேல்பாதி வழியாக வருவதுதான் அறைக்குள் தூரம் போகும். உங்கள் ஜன்னலில் அந்த மேல்பாதியை ஸ்க்ரீனின் குஞ்சம் வைத்த மடிப்பு மறைக்கிறது. அதைக் கழற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டார் பார்வைதான் கவலை என்றால் கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய வெள்ளைத் துணி போதும். இரவுக்கு வெளிர்நிறப் பருத்தி ஸ்க்ரீன். அதன் கம்பியை ஜன்னலுக்கு வலதுபக்கம் ஒன்றரை அடி நீட்டி அடித்துவிட்டால், பகலில் துணி மொத்தமும் சுவர்மேல் ஒதுங்கிக்கொள்ளும். கொசுவலையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். தாம்பரத்துப் புழுதிக்கு மாதம் ஒருமுறை அலசத்தான் வேண்டும். கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். வெயில் நேராகப் படாத ஜன்னலுக்கு அது எதற்கு?

அந்தக் காம்பவுண்டு சுவரை நீங்கள் எதிரியாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது உங்கள் ஹாலின் இரண்டாவது ஜன்னலாகத் தெரிகிறது. மழையில் கறுத்துப் பாசி படிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் இருக்கிற முகத்தைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால், மேலிருந்து அதன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி உங்கள் ஜன்னலுக்குத் திரும்பும். சுவர் அவர்களுடையது, அதனால் நேரில் போய்க் கேளுங்கள். செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். உங்கள் ஸன்ஷேடின் அடிப்பக்கத்துக்கும் அதே வெள்ளையை அடித்துவிடுங்கள்.

இப்போது உள்சுவர்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவருக்கு மெரூன் அடித்து அதில் டிவி மாட்டியிருக்கிறீர்கள். ஜன்னலில் நுழைந்து 16 அடி கடந்து வருகிற வெளிச்சம் கடைசியில் அங்கே போய்ச் செத்துவிடுகிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பித் தரும். மூன்றுமுறை தெறித்தபிறகும் 51 மிஞ்சும். பாதியை மட்டும் திருப்பித் தரும் சந்தன நிறத்தில் மூன்று தெறிப்புக்குப் பிறகு மிஞ்சுவது 12, 13தான். மெரூனோ முதல் தடவையிலேயே பத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். பெயின்ட் கடையில் எல்ஆர்வி எவ்வளவு என்று கேளுங்கள். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதைச் சொல்லும் எண் அது. சுவருக்கு 75-க்குக் குறையாமல் எடுங்கள். பளீர் வெள்ளை வேண்டாம், வெளிச்சம் குறைந்த அறையில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். லேசாக மஞ்சள் கலந்த, தயிர் நிறத்துக்குக் கிட்டே வருகிற வெள்ளை நன்றாக இருக்கும். சீலிங்குக்கு மட்டும் சுத்த வெள்ளை, பளபளப்பு இல்லாதது.

டிவியை சோபாவுக்கு எதிரே மற்ற நீளச் சுவருக்கு மாற்றுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் போய்விடுவதால் திரையில் அதன் பிம்பம் விழாது. ஏழடி தூரம் கிடைக்கும், 43 இன்ச் டிவிக்கு அது தாராளம்.

அப்புறம் உங்கள் மாமியாரின் தேக்கு ஷோகேஸ். அதை விற்றுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஜன்னல் இருக்கிற சுவரில் இடதுபக்கம் நாலடி சும்மா கிடக்கிறதே, அங்கே வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் நேராகப் படாத ஒரே சுவர் ஜன்னல் இருக்கும் சுவர்தான். எவ்வளவு கருத்த சாமானை வைத்தாலும் அங்கே நஷ்டம் குறைவு. உங்கள் ஷோகேஸ் மூன்றடி அகலம், கச்சிதமாக உட்காரும். தேக்குக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

தங்கை சொன்ன கண்ணாடியைப் பெயின்ட் வேலை முடிந்தபிறகு வாங்கலாம். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் அதில் காம்பவுண்டு சுவர்தான் தெரியும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில், வலதுபுறம் மாட்டுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி உங்கள் கணவருக்கு: தரைத்தள ஹாலில் அரையடி, முக்காலடி உயரத்தை இழப்பது பெரிய விஷயம். அதோடு, சீலிங்கில் பதித்த லைட்டுகளுக்குக் கீழே ஃபேன் சுற்றினால் இறக்கையின் நிழல் அறையெல்லாம் வெட்டிவெட்டி ஓடிக் கண்ணைப் படுத்திவிடும். இரவுக்கு 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் மாதிரி நீளமான லைட்) இரண்டு போதும், எதிரெதிர் நீளச் சுவர்களில், ஃபேன் இறக்கை மட்டத்துக்குக் கீழே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,000 லூமென் வெளிச்சம் தரும். ஒரே டியூப்பாக இருந்தால் அடிக்கிற ஒருபக்க நிழல் இதில் இருக்காது. 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று போட்ட நீலவெள்ளையை விட்டுவிட்டு 4000 கேட்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே எண்ணாக இருக்கட்டும். மாமியார் நாற்காலிக்குப் பின்னால் 9 வாட் பல்பில் தனியாக ஒரு ஸ்டாண்டு விளக்கு, அவர் கைக்கெட்டும் ஸ்விட்சோடு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தரைத்தளம் என்பதால் சுவரின் கீழ் இரண்டடியைத் தட்டிப் பாருங்கள். பூச்சு உப்பியிருந்தாலோ உப்புப் பூத்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எந்த வெள்ளை அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து சுவர் காய்ந்தபிறகு, தை மாதத்தில் பெயின்டரைக் கூப்பிடுங்கள். சோபா, ஷோகேஸ், ஸ்க்ரீன், கொசுவலை வேலையையெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம், அதற்குப் பெரிய செலவு இல்லை.