மகன் படிக்கும் பள்ளியில் கவர்னராகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் லண்டனில் ஹரோவில் இருக்கிறோம். மகன் கவுன்சில் பள்ளியில் இயர் டூ படிக்கிறான். போன கிழமை அவனுடைய பையில் ஒரு கடிதம் வந்தது. பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்க, பெற்றோர் கவர்னர் ஒருவர் தேவை, விரும்பியவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று இருந்தது. எனக்கு ஆசை. இவரோ, "அதெல்லாம் லோயர், எக்கவுண்டன்ட் மாதிரி ஆட்களுக்கு, காசும் போட வேண்டி வரும்" என்கிறார். நான் சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் வேலை செய்கிறேன். ஆங்கிலம் கதைப்பேன், எழுதத்தான் பயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசிப்புப் புத்தகங்களுக்கு நிலைக்கு ஒரு நிறப் பட்டை உண்டு. மகனுக்கு இன்னும் நீலப் பட்டைப் புத்தகம்தான் வாசிக்கக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவனோடு படிக்கும் மச்சாளின் மகள் எத்தனையோ நிறம் தாண்டிவிட்டாள். உள்ளே போனால் இதையும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு இது சரிவருமா?

பதில்: சரிவரும், பெயரைக் கொடுங்கள். ஆனால் மகனின் புத்தகத்துக்காகப் போகாதீர்கள். அதை முதலில் பேசிவிடுவோம். எட்டு வருடமாக ஓர் ஆரம்பப் பள்ளியில் கவர்னராக இருக்கிறேன். புதிதாக வருகிற பெற்றோர் அதிகமாக மனம் நோவது இந்த இடத்தில்தான்.

தனி ஒரு கவர்னருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. குழுவாகக் கூடி எடுக்கிற முடிவுக்குத்தான் அதிகாரம். வகுப்பாசிரியையிடம் போய் "என் மகனுக்கு ஏன் இன்னும் நீலம்" என்று கேட்க நீங்கள் அம்மாவாக இருந்தால் போதும். கவர்னர் என்ற பெயரோடு கேட்டால் அந்த ஆசிரியைக்கு அது மிரட்டல் மாதிரி இருக்கும், உங்களுக்கும் வாய் கட்டிப்போகும். உங்கள் பிள்ளை சம்பந்தப்பட்ட எந்த விஷயமும் கூட்டத்துக்கு வந்தால் நீங்கள் எழுந்து வெளியே போக வேண்டும். ஆகவே தேர்தல் முடியும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே ஆசிரியையைப் பாருங்கள். அடுத்த பட்டைக்கு மாற அவன் எதைச் செய்து காட்ட வேண்டும், வீட்டில் நான் எதைச் செய்யலாம் என்ற இரண்டையும் கேளுங்கள்.

அப்படியென்றால் கவர்னருக்கு என்னதான் வேலை? பள்ளியை நாளாந்தம் நடத்துவது அதிபர். பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவெடுப்பது, பிள்ளைகள் உண்மையில் படிக்கிறார்களா என்று அதிபரிடம் கேட்பது, காசு ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது, இவை மூன்றும் குழுவின் பொறுப்பு. அதிபரின் வருடாந்த வேலை மதிப்பீட்டைச் செய்வதும், அவர் விலகினால் புதியவரைத் தெரிவுசெய்வதும் கவர்னர்கள்தான். ஒரு பிள்ளையை நிரந்தரமாகப் பள்ளியிலிருந்து நீக்கினால், அந்த முடிவு சரியா என்று 15 பள்ளி நாட்களுக்குள் கூடி ஆராய வேண்டியதும் கவர்னர்கள்தான். அந்த மேசையில் நான் இருந்திருக்கிறேன். நடந்தது எதையும் வெளியே சொல்ல முடியாது. இரவில் நித்திரை வரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். இந்தப் பொறுப்பின் பாரம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் நீங்கள் போக வேண்டும்.

உங்கள் கணவர் சொன்ன காசு விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஊரிலுள்ள பழைய மாணவர் சங்கத்தை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். கட்டடத்துக்கு, மேசை கதிரைக்கு என்று நாங்கள் இங்கிருந்து சேர்த்து அனுப்புகிறோம் அல்லவா, பள்ளி நிர்வாகம் என்றாலே அதுதான் ஞாபகம் வரும். இங்கே கவர்னர் ஒரு பவுணும் போடத் தேவையில்லை. கேக் விற்று, சந்தை வைத்துக் காசு சேர்ப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கமான பீடிஏயின் வேலை. கவர்னருக்குச் சம்பளமும் கிடையாது. ஆனால் கூட்டத்துக்கு வரும் போக்குவரத்துச் செலவு, பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்த செலவு போன்றவற்றைக் கொடுக்கப் பல பள்ளிகளில் ஒழுங்கு இருக்கிறது. உங்கள் பள்ளியில் உண்டா என்று குழுவின் செயலாளரான கிளார்க்கிடம் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

லோயரும் எக்கவுண்டன்டும் வேண்டும்தான். அவர்களை எடுக்கவென்று குழுவில் வேறு இடங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கவுன்சில் பள்ளிகளில் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் குறைந்தது இரண்டு பேர் பெற்றோரால் தெரிவுசெய்யப்பட்ட பெற்றோர். அந்த இடத்துக்குப் பட்டம், அனுபவம் எதுவும் நிபந்தனை இல்லை, மற்றப் பெற்றோரின் வாக்குத்தான் முடிவு. வயது 18 ஆகியிருக்க வேண்டும். வங்குரோத்துக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் இருப்பவர்கள், குறிப்பிட்ட சிறைத் தண்டனைகள் பெற்றவர்கள், அந்தக் கவுன்சிலுக்குத் தெரிவான கவுன்சிலர்கள், அதே பள்ளியில் வருடத்துக்கு 500 மணித்தியாலத்துக்கு மேல் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் போட்டியிட முடியாது. பதவிக்காலம் பொதுவாக நான்கு வருடம். மகன் இடையில் பள்ளி மாறினாலும் அதை முடிக்கலாம். இதை வாசிக்கிற வேறு யாருடைய பிள்ளையாவது அகடமியில், அதாவது கவுன்சிலின் கீழ் இல்லாத அரச பள்ளியில், படித்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அதிகாரம் பள்ளியை நடத்தும் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில் இருக்கும். உள்ளூர்க் குழு எதை முடிவு செய்யலாம் என்று டிரஸ்ட் எழுதிவைத்திருக்கும், பெயர் கொடுக்க முன் அதைக் கேட்டு வாசியுங்கள்.

ஷிப்ட் வேலையோடு சமாளிக்கலாம், ஆனால் லேசு இல்லை. முழுக்குழு வருடத்துக்கு மூன்று தடவையாவது கூட வேண்டும். பல பள்ளிகளில் தவணைக்கு இரண்டு கூட்டம் நடக்கும், அதற்கு மேல் உபகுழுக்கள். எனக்கு வாசிப்பு, கூட்டம், பள்ளிக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஆறு ஏழு மணித்தியாலம் போகிறது. 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, கவர்னர் கடமைக்கு நியாயமான அளவு நேரம் விடும்படி முதலாளியிடம் கேட்கலாம். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வருடத்துக்கான கூட்டத் திகதிகளை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். அந்தத் தாளை அப்படியே மனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். குழுவின் சம்மதம் இல்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் கூட்டங்களுக்குப் போகாவிட்டால் பதவி போய்விடும். வர முடியாத நாளில் ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஆங்கிலம். என் முதல் கூட்டத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் அனுப்பியிருந்தார்கள். பாதி விளங்கவில்லை. எல்லாம் மூன்றெழுத்துச் சுருக்கங்கள். சமையலறை மேசையில் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு போனேன். அதில் வாசிப்புப் பெறுபேறு அட்டவணை ஒன்று இருந்தது. மொத்தச் சராசரி நன்றாக இருந்ததால் கூட்டத்தில் எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போகத் தயாரானார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளின் வரி மட்டும் கீழே கிடந்தது. கையை உயர்த்தி, தட்டுத்தடுமாறி, "இந்த வரி ஏன் குறைவு?" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதிபர் சொன்னார், பெற்றோருக்கு வாசிப்பு வகுப்பு வைக்கிறோம், இவர்கள் வருவதில்லை என்று. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காலை பத்து. அந்த அம்மாக்களில் பலர் ஒன்பதரைக்கு வேலையில் நிற்பவர்கள். அடுத்த தவணை அதை எட்டே முக்காலுக்கு, பிள்ளைகளை விடும் நேரத்தோடு வைத்தார்கள். கதிரை போதாமல் சிறுபிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் அம்மாக்கள் இருந்ததை நான் பார்த்தேன். அதைக் கேட்க எனக்குப் பெரிய ஆங்கிலம் தேவைப்படவில்லை. அந்த அம்மாக்கள் எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படித் தெரிந்த விஷயங்கள் நிறைய இருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து அரச ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதனால், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான இலவசச் சாப்பாட்டு விண்ணப்பத்தை எங்கள் ஆட்கள் நிரப்புவதில்லை. சிலருக்கு அது வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவை வைத்துத்தான் பியூப்பில் பிரீமியம் என்ற உதவிப்பணம் பள்ளிக்கு வருகிறது. 2024-25 கல்வியாண்டில் ஆரம்பப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 1,480 பவுண். பத்துக் குடும்பம் நிரப்பாவிட்டால் ஏறக்குறைய 15,000 பவுண் போய்விடும். பள்ளி ஆங்கிலத்தில் அனுப்பும் செய்தியை விட, இதை விளக்கித் தமிழில் வருகிற ஒரு தாளுக்கு அதிகம் பலன் இருக்கும். இப்படியான யோசனையைக் கூட்டத்தில் வைப்பது கவர்னரின் வேலைதான்.

அப்புறம், ஒருவரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு கஷ்டம் இருக்கிறது. நீங்கள் தெரிவான செய்தி கோயிலுக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் உடனே போய்விடும். பிள்ளையை அந்த ஆசிரியையின் வகுப்புக்கு மாற்றித் தா, தங்கச்சியின் பிள்ளைக்கு இடம் எடுத்துத் தா, அந்த டீச்சர் ஏன் போனவ என்றெல்லாம் கேட்பார்கள். பிரசாதத் தட்டோடு நிற்கும்போது ஒருவர் என்னைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மறுத்தால் பெருமை வந்துவிட்டது என்பார்கள். நான் பழக்கத்தில் வைத்திருக்கும் பதில் இது: "அது என் கையில் இல்லை அக்கா, ஆனால் யாரிடம் போக வேண்டும் என்று காட்டித் தருகிறேன்." ஆசிரியை, பிறகு அதிபர், அதன் பிறகு எழுத்தில் முறைப்பாடு என்று வழியைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். கூட்டத்தில் கேட்ட ஒரு பெயரையும் வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். உங்கள் கணவரிடமும்தான்.

இனி விண்ணப்பம். கடிதத்தில் முடிவுத் திகதியும், வேட்பாளர் அறிக்கை எத்தனை சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பதும் இருக்கும். அறிக்கையை முதலில் தமிழில் எழுதுங்கள். நான் இந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மா, ஷிப்ட் வேலை செய்கிறேன், இரண்டு மொழி வீட்டில் பிள்ளை வளர்க்கிறேன், பள்ளியும் எங்களைப் போன்ற பெற்றோரும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இவ்வளவு போதும். பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வசனங்களாக்கி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ஒருவரை விமர்சித்து ஒரு வரியும் வேண்டாம். இடங்களை விட ஆட்கள் கூடினால்தான் வாக்கெடுப்பு நடக்கும், அது இரகசிய வாக்கு. தெரிவான பிறகு 21 நாட்களுக்குள் டிபிஎஸ் என்ற விரிவான குற்றப் பதிவுச் சோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பள்ளி அலுவலகம் செய்யும். உங்கள் பெயரும் தொழில் தொடர்புகளும் கூட்ட வரவும் பள்ளியின் இணையதளத்தில் வரும் என்பதையும் இவரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

தோற்றுவிட்டால்? குழுவே தெரிவுசெய்கிற இடங்கள் இருக்கின்றன. ஆர்வம் இருக்கிறது என்று தலைவருக்கு எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் கவர்னர்ஸ் ஃபோர் ஸ்கூல்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தில் பதிவு செய்யலாம், ஆள் தேவைப்படும் வேறு பள்ளியோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள்.

பெயர் கொடுக்க முன் ஒருநாள் பள்ளி அலுவலகத்துக்குப் போய், கடைசி இரண்டு கூட்டத்தின் அறிக்கைகளைக் கேளுங்கள். இரகசியப் பகுதிகளை எடுத்துவிட்டு மற்றதைக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. பென்சிலோடு உட்கார்ந்து வாசியுங்கள். "ஏன்" என்று கேட்கத் தோன்றுகிற இடங்களில் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள்.