வீடியோ காலில் எல்லாரும் சௌக்கியம்

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 66. திருச்சி பொன்மலையில் நானும் கணவரும் மட்டும்தான். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்றவர். ஒரே மகன், டல்லாஸில் ஐ.டி. வேலை. நகையை அடகு வைத்து எம்.எஸ். படிக்க அனுப்பினோம். இப்போது ஞாயிறு காலை ஒரு வீடியோ கால், அதோடு சரி. பேத்தி 'ஹாய் பாட்டி' என்று கையாட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். மருமகள் சொல்லித் தந்தால் தமிழ் வராதா? சம்பந்திகள் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். எங்களைக் கூப்பிட மட்டும் நேரமில்லை. நீயாவது வா என்றால், விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்வேன் என்கிறான். தீபாவளிக்கு ஆன்லைனில் பட்டுப்புடவை வந்தது. புடவையா கேட்டேன்?

நவம்பரில் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க பேங்குக்குப் போனோம். இவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்தை எங்கே தொடங்குவது என்று என் முகத்தைப் பார்த்தார். வயசானால் மறதி சகஜம்தானே, மகனிடம் சொல்லவில்லை. அவனும்தான் எதையும் கேட்பதில்லையே! எல்லாம் மருமகள் வந்த பிறகுதான். எதிர்வீட்டுப் பையன் செல்போன் கடைதான் வைத்திருக்கிறான், அம்மாவை அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். நாங்கள் பிள்ளையைப் படிக்க வைத்தது தப்பா?

- ஒரு தாய், திருச்சி

அன்புள்ள அம்மா,

புடவை, பேத்தி, சம்பந்தி எல்லாம் படித்தேன். சம்பந்திகள் போய்வந்தது உறுத்தத்தான் செய்யும். ஆனால் என்னால் அந்த பேங்க் கவுன்டரைத் தாண்டிப் போக முடியவில்லை. வேலைக் காலமெல்லாம் போட்ட கையெழுத்து வராமல் ஒருவர் மனைவி முகத்தைப் பார்ப்பதை, சாவியை வைத்த இடம் தெரியாத மறதியோடு சேர்க்காதீர்கள். உங்களுக்கும் அது தெரியும். அதனால்தான் இரண்டு வரியில் சொல்லிவிட்டு மறுபடி மருமகளிடம் போய்விட்டீர்கள். பயப்படுவதைவிட மருமகள்மேல் கோபப்படுவது லேசாக இருக்கிறது, இல்லையா?

மகன் கேட்பதில்லை என்கிறீர்கள். கேட்கும்படி என்ன சொன்னீர்கள்? என்னிடம் வரும் பல குடும்பங்களில், கால் வரும் நேரத்துக்கு அப்பாவுக்குச் சலவைச் சட்டை மாட்டி உட்கார வைக்கிறார்கள். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுகிறார். பிள்ளையும் அங்கே வேலை ஆட்டம் காண்பதைச் சொல்வதில்லை. எதிர்வீட்டுப் பையனுக்கு அம்மாவின் தளர்ச்சி தினமும் கண்ணில் படுகிறது. டல்லாஸில் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

ஸ்டாம்பிங்கையும் சாக்கு என்று தள்ளாதீர்கள். எச்1பி என்கிற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர் அது காலாவதியான பிறகு ஊருக்கு வந்தால், புது விசா குத்தாமல் பொதுவாகத் திரும்ப முடியாது. அங்கேயே நிரந்தரமாகத் தங்க வேலைவழி தரும் கிரீன் கார்டிலோ, ஆண்டுக்குத் தருவதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சட்டத்தை உங்கள் மருமகள் போடவில்லை.

மகன் வரட்டும் என்று இராமல் இந்த வாரமே கணவரை ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அதற்கெல்லாம் மருத்துவம் இருக்கிறது. வேறு நோய் என்றாலும் சீக்கிரம் தெரிந்துகொள்வதே நல்லது. மகனிடம் பேங்கில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். புடவைப் பேச்சு வேண்டாம். ஞாயிறு வரை பொறுக்கவும் வேண்டாம், இங்கே காலை ஏழு மணிக்கு அங்கே முந்தின நாள் இரவுதான், விழித்திருப்பார். மருமகளையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.