பிளக் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? எந்த சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"பழைய பெட்ரோல் கார், நான்கு பிளக்கும் புதிது, இன்னும் மிஸ்ஸிங் இருக்கிறது, அடுத்து எதை மாற்றுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் எஞ்சின் குலுங்குவது. இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டரும் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள நான்கு சிலிண்டர் வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ஐட்லிங்கில் குலுங்கி, ரேஸ் செய்ததும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் எங்கோ காற்று இழுக்கிறது: மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) கேஸ்கெட், கார்புரேட்டர் அடிப்பகுதி, பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வெட்டினால் இக்னிஷன் பக்கம் பாருங்கள். லோடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் வயரிலோ டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பிலோ பலவீனமான இடம் இருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே எர்த் ஆகிவிடும்.

அடுத்து சிலிண்டர். எஞ்சினை அணைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக் ஒன்றைச் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினை நன்றாகத் தொடும்படி கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கவே கூடாது. ஓட்டம் தெளிவாகக் குறைந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் நோயாளி. ஓடும்போதே வயரைப் பிடுங்கிப் பார்ப்பதுதானே வழக்கம் என்று சிலர் கேட்பார்கள். ஷாக் ஒரு பக்கம் இருக்கட்டும், போக வழியில்லாத வோல்டேஜ், பிளக்குக்கு அதிக வோல்டேஜ் தரும் காயிலையும், அதைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் மாட்யூல் இருந்தால் அதையும் கெடுக்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) உள்ள வண்டியில் இந்தச் சோதனையைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய் அதைச் சூடாக்கிவிடும்.

கண்டுபிடித்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் பிளக்தான் காரணம். புதிய பிளக்கும் மாட்டும்போது பீங்கான் விரிசல் விட்டுக் கெட்டுப்போகலாம். போகவில்லையென்றால் அடுத்து வயரைப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். இருட்டில் வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து எஞ்சினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். தள்ளி நின்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு போட்டதுபோல் கருப்புத் தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை, கேப்பையே மாற்ற வேண்டும். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச்) உள்ள வண்டியானால், அதன் இடைவெளி பெரும்பாலும் 0.4 மிமீ அளவில் இருக்கும், உங்கள் மேனுவல் சொல்வதே இறுதி. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் அந்த இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேறுபடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்று இழுக்கும் வண்டியில் சில மெக்கானிக்குகள் ஹோஸைத் தேடாமல், கார்புரேட்டரின் மிக்சர் ஸ்குரூவைத் திருகி பெட்ரோலைக் கூட்டி ஐட்லிங்கைச் சமன்செய்து அனுப்பிவிடுகிறார்கள். வண்டி அன்றைக்கு அமைதியாக ஓடும். பிறகு பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் இறங்கி எஞ்சின் ஆயில் நீர்த்துப்போகும். கேட்டால் "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அந்தப் பதிலை ஏற்காதீர்கள்.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் படுத்தினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கட்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே எண்ணிக்கையில் சுற்றவிட்டு கம்ப்ரஷன் கேஜால் அளந்து எழுதுங்கள். ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

வால்வ் என்று தெரிந்ததும் ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் டேப்பட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) இடைவெளியை, மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வ் இறுக்கமாக இருந்தால் சூடானதும் முழுதாக மூடாது. வால்வ் மூடி உட்காரும் சீட் இன்னும் கருகாமல் இருந்தால், மேனுவல் சொல்லும் அளவுக்கு டேப்பட்டைத் தளர்த்துவதோடு வேலை முடிந்துவிடும்.